காரைக்கால் துறையில் கப்பலேறியவர்கள்

வேதாகம நாடுகளைக் காணச் செல்லும் நம் ஆயர்கள் மத்தியதரைக் கடலோரத்துச் செசரியாவில் சற்று நேரம் நிற்பதுண்டு. ஏரோது எழுப்பிய அத்துறைமுகத்தின் மாட்சியைக் காட்டிலும், பவுல் கைதியாக அங்கிருந்து கப்பலேற்றப்பட்டார் என்பதே அவர்களை அங்கே நிறுத்துகிறது. நம் கரையிலோ, தரங்கம்பாடிக்குச் செல்வோர் 1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுச்சாவும் வந்திறங்கிய இடத்தை நன்றியுடன் கண்டு திரும்புவர். அங்கிருந்து தெற்கே 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் காரைக்காலுக்கு வருவோர் சிலரே. வந்திறங்கியவர்களின் துறையை நாம் நன்கு கற்றிருக்கிறோம்; புறப்பட்டுப் போனவர்களின் துறையை அவ்வளவாகக் கற்கவில்லை.

காரைக்கால் பழைய வணிகத்துறை. காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் கடல்வாணிபத்திற்கெனக் கப்பலேறிச் சென்று, மனைவியிடம் திரும்பாமலே வேற்றூரில் குடியமர்ந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. அம்மையாரின் கோவிலில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர் போர்களில் கைமாறிக் கைமாறி, 1817இல் மீண்டும் அவர்களிடம் வந்து, 1954 நவம்பர் 1 வரை அவர்களுடையதாகவே இருந்தது. உயர்ந்த கோபுரமுடைய தேற்றரவு அன்னை ஆலயம், மஸ்தான் சாகிபு தர்கா, அரசலாற்று முகத்துவாரம் ஆகியவற்றைப் பயணி அரைநாளில் பார்த்துவிடலாம். ஆனால் இத்துறையின் பெருங்கதை இக்கட்டடங்களில் இல்லை.

1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலியாட்களைத் தேடினர். 1853இல் 'ஒரேலி' என்னும் கப்பல் புதுச்சேரியிலிருந்து ஏற்றிச் சென்றவர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. அதே கப்பல் 1854ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாட்களில் குவாதலூப்பை அடைந்தது. புதுச்சேரியோடு காரைக்காலும் இவ்வாள் ஏற்றுமதியின் வாயிலாயிற்று. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கையால் பிரிட்டிஷ் பகுதியினரையும் சேர்க்க வழி திறந்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டு. திரும்பிவர உரிமை எழுத்தில் இருந்தது. மிகப் பலர் திரும்பவில்லை. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியரும், மார்த்தினிக்கிற்கு 25,000க்கு மேற்பட்டோரும் சென்றனர். ரீயூனியனுக்குச் சென்றோர் இவர்களினும் மிகுதி. பெரும்பாலோர் தமிழர். அடிமைமுறை ஒழிந்தது என்று நாம் ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அடுத்த வரியில் யார் அந்த வயலில் இறக்கப்பட்டனர் என்று கேட்பது அரிது.

அத்தீவுகளில் இவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர்கள். அவர்களிலேயே மாரியம்மனுக்கு விழா எடுப்போரும் உளர். இதை வெறும் கலப்புச் சமயம் என ஒதுக்குவது எளிது. மொழியை இழந்த மக்கள் வழிபாட்டில் தாயகத்தைக் காத்தனர் என்றே நான் கொள்கிறேன்.

குவாதலூப்பில் 1863இல் பிறந்த அன்றி சிதம்பரம் என்பார், அங்கே பிறந்த இந்தியருக்கும் குடியுரிமை உண்டென 1904இல் வழக்குத் தொடுத்தார். அது கிடைத்தது 1923இல்.