தோல் ஜாக்கெட்டும் கை அசைவும்

தோல் ஜாக்கெட் என்பது பதனிட்ட விலங்குத் தோலால் தைக்கப்பட்டு, இடுப்பளவில் முடியும் மேலாடை ஆகும். தமிழ்நாட்டில் ஜாக்கெட் என்றதும் சேலையுடன் அணியும் ரவிக்கைதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது விமானிகளும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் குளிரையும் காற்றையும் தாங்க அணிந்த மேலாடை. அதன் முதுகு மடிப்பு, குறுக்காக ஓடும் ஜிப், கைமுனையில் உள்ள சிறு ஜிப் ஆகியவற்றை இன்று பலரும் அலங்காரமாகவே பார்க்கின்றனர். கையை நீட்டவும் முதுகை வளைக்கவும் இடம் தேவைப்பட்டதால் பிறந்தவை அவை.

சிக்கல் தோலின் இயல்பிலேயே இருக்கிறது. நெய்த துணியில் ஊடும் பாவும் உண்டு. அதைக் கோணலாக வெட்டினால் உடலோடு இழுபட்டு வளைந்து கொடுக்கும். தோலுக்கு அந்த வசதி இல்லை. அதில் கொலாஜன் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. முதுகெலும்பு ஓடிய திசையில் அது குறைவாகவே நீளும். வயிற்றுப் பகுதியிலோ அதிகமாகத் தளரும். ஊசி துளைத்த ஓட்டை மறுபடி மூடாது என்பதால், தைத்தபின் பிரித்துத் திருத்துவதும் கடினம். ஆகவே உடல் அசைவதற்கான இடத்தை வெட்டும்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

அந்த இடத்தை எங்கே ஒதுக்குவது என்பதில் ஒரு விந்தை உண்டு. தையற்காரர்கள் ஆம்ஹோல் என்று சொல்லும், கை இணையும் துளையைப் பெரிதாக வைத்தால் கை எளிதாக அசையும் என்று தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறானது. துளை அக்குளுக்கு வெகு கீழே இறங்கினால், கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் கூடவே மேலேறும். இடுப்பு திறந்து காற்று புகும். துளை சிறியதாகவும் அக்குளை ஒட்டியும் இருந்தால் கை மட்டும் தனியே உயரும். கடையில் கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டு நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. கையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கணக்கை இரண்டு அமெரிக்கப் படைப்பிரிவுகள் இரண்டு விதமாகப் போட்டன. 1927இல் ராணுவ விமானிகளுக்கு வந்த ஏ-1 ஜாக்கெட்டில் பொத்தான்களும் பின்னலாடைக் காலரும் இருந்தன. 1931இல் அதன் இடத்தைப் பிடித்த ஏ-2, ஜிப்புக்கும் தோல் காலருக்கும் மாறியது. காலர் முனைகள் காற்றில் படபடக்காதபடி அவற்றை அழுத்துப் பொத்தான்கள் பிடித்துக்கொண்டன. கைமுனையிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல் பட்டை வந்தது. ஜாக்கெட் இடுப்போடு முடிந்ததால், உட்கார்ந்திருக்கும் விமானியின் தொடைக்கடியில் அது சுருண்டு சிக்கவில்லை. முதுகு மட்டும் ஒரே துண்டுத் தோல். தையல் குறைந்தால் பிரியும் இடமும் காற்று நுழையும் இடமும் குறையும் என்பது அதன் நியாயம். ஆனால் மடிப்பில்லாத ஒற்றை முதுகு, இரு கைகளையும் முன்னே நீட்டும்போது தோள்களுக்கு நடுவே இறுகும். விமானி பறக்கும் நேரமெல்லாம் கைகளை முன்னே நீட்டித்தான் வைத்திருக்கிறார்.

கடற்படை விமானிகளின் எம்-422ஏ, 1940களின் தொடக்கத்தில் வேறு வழியில் சென்றது. இதுவே பின்னர் ஜி-1 என்று பெயர் பெற்றது. அதன் முதுகில், தோள்களுக்குப் பின்னால் இருபுறமும் செங்குத்தான மடிப்புகள் இருந்தன. கையை நீட்டினால் மடிப்பு விரியும். கையை இறக்கினால் மறுபடி மூடிக்கொள்ளும். அக்குளில் தனியாக ஒரு துண்டுத் தோல் சேர்க்கப்பட்டது. ஏ-2இல் பெரிதும் பயன்பட்ட குதிரைத் தோலுக்கு மாறாக, மெல்லியதும் மிருதுவானதுமான ஆட்டுத்தோல் இதற்குப் பயன்பட்டது. புகழ் ஏ-2க்குப் போனது. வெட்டில் மேலானது கடற்படையின் ஜாக்கெட்டே. ராணுவமோ 1943இல் ஏ-2 கொள்முதலை நிறுத்திவிட்டுத் துணி ஜாக்கெட்டுகளுக்கு மாறியது.

பிரிட்டனில் குளிர்தான் முதல் எதிரியாக இருந்தது. 6,000 மீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை சுமார் மைனஸ் 24 பாகை செல்சியஸ். பாராசூட் தயாரிப்பில் பெயர்பெற்ற லெஸ்லி இர்வின், கம்பளி நீக்காத தடித்த செம்மறித்தோலில் விமானிகளுக்கு ஜாக்கெட் செய்தார். தடித்த கைக்குள் பெரிய கையுறையைத் திணிக்க முடியாது என்பதால், முன்கையில் ஜிப் வைத்துத் திறக்கும்படி அமைத்தார். குளிர்மிகுந்த குண்டுவீச்சு விமானத்தில் அது உயிர்காத்தது. போர் விமானத்தின் குறுகலான அறையிலோ அதுவே இடத்தை அடைத்தது. எதிரி பின்னால் வருகிறானா என்று ஓயாமல் தலையைத் திருப்ப வேண்டிய போர் விமானிகள், கழுத்து உராய்ந்து புண்ணாகாமல் இருக்கப் பட்டுத்துணி சுற்றிக்கொண்டனர்.

சாலையில் கதை சற்று முன்பே தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் ஷாட் நிறுவனம் 1928இல் பெர்ஃபெக்டோ என்னும் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டை விற்றது. விலை 5.50 டாலர், பெயர் ஒரு சுருட்டின் பெயர். பின்னாளில் நிலைபெற்ற அதன் வடிவில் ஜிப் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. வண்டியில் முன்னே குனியும்போது நடு ஜிப் விறைத்து, வயிற்றில் புடைத்து, தொண்டையில் முட்டும். சாய்ந்த ஜிப் அந்த வழியிலிருந்து விலகி நிற்கும். முன்பகுதித் தோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால் நெஞ்சில் காற்றும் புகாது. முதுகு மடிப்பும் அக்குள் துண்டும் இதிலும் உண்டு.

1953இல் வந்த ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ அணிந்தபின், வண்டியே ஓட்டாதவர்களும் இவ்வகை ஜாக்கெட்டை அணியத் தொடங்கினர். 1960இல் டியோர் நிறுவனத்துக்காக இவ் சான் லோரான் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை உயர்தர நாகரிக உடை வரிசைக்குள் கொண்டுவந்தார். அலமாரி உடையாக மாறிய ஜாக்கெட்டில் எது தங்கியது, எது போனது என்பது கவனிக்கத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் தோள்பட்டியும் பளபளக்கும் ஜிப்பும் தங்கின. தோலும் தையல் கூலியும் கேட்கும் முதுகு மடிப்பும் அக்குள் துண்டும் மலிவான தயாரிப்புகளில் முதலில் காணாமல் போயின. தோல் ஜாக்கெட் என்றாலே விறைப்பாகத்தான் இருக்கும் என்ற நினைப்புக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

பந்தயத் தடத்தில் அப்படிச் சிக்கனம் பார்க்க முடியாது. தளர்வாக இருந்தால் விழும்போது முழங்கைக் காப்பு நகர்ந்துவிடும், எலும்பு தரையில் படும். இறுக்கமாக இருந்தால் ஓட்டவே முடியாது. எனவே பந்தய உடையின் கைகள் முதலிலேயே வளைத்து வெட்டப்படுகின்றன. தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றின் மேல் தோல் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாகத் தைக்கப்படுகிறது. அடிபட வாய்ப்புக் குறைந்த உட்பக்கங்களில் நீளும் துணி வைக்கப்படுகிறது. வண்டிமேல் குனிந்திருக்கும்வரை அந்த உடை உடலோடு ஒட்டிச் சுகமாக இருக்கும். பந்தயம் முடிந்து இறங்கும் ஓட்டியை மட்டும் அது நிமிர விடுவதில்லை. சற்றுக் கூனியபடியே அவர் நடந்து வருகிறார்.