அரிக்கமேட்டுப் பாசிமணி

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கோல்வாக்களின் போர்களை மனப்பாடம் செய்தோம். ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

1945-இல் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியப் பானையோடுகள் கிடைத்தன. இன்றுவரை அதே பேச்சு. எனக்கோ, அங்கே நம் ஆட்கள் செய்து விற்ற பாசிமணிதான் பெரிது. உருகிய கண்ணாடியை நடுவில் துளையோடு நீண்ட குழலாக இழுத்து, பொடியாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்குவார்கள். மணிக்கு மணி துளை போடும் வேலை இல்லை. (கல்மணியில் அதுதான் உயிரை வாங்கும்.) இவ்வகை மணிகள் தென்கிழக்காசியா எங்கும் கிடைக்கின்றன.

ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நம் காலம்வரை நீடித்தது. கம்பி சுற்றி நகை செய்து விற்கத் தொடங்கியிருக்கும் பேத்தியிடம், "கல்லை விட்டுவிட்டு இந்த மணியில் ஆரம்பி, கம்பி மட்டும் மெல்லிசாக வாங்கு" என்றேன்.