வானிலிருந்து கடலைப் பார்த்த தளபதி

கன்னியாகுமரிக் கரையில் நின்று கடலைப் பார்த்திருப்பீர்கள். கடலும் வானும் கூடுவதுபோல் தோன்றும் அந்த அடிவானம் எவ்வளவு தொலைவில் உள்ளது? நீர்மட்டத்தில் நிற்பவருக்கு அது சுமார் 4.5 கிலோ மீட்டர்தான். பூமி உருண்டையாதலால், அதற்கு அப்பாலுள்ள நீர்ப்பரப்பு நம் பார்வைக்குக் கீழே மறைந்துவிடுகிறது. 20 மீட்டர் உயரமுள்ள கப்பல் கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் சுமார் 16 கிலோ மீட்டர் தெரியும். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானிக்கோ ஏறத்தாழ 195 கிலோ மீட்டர் வரை தெரியும்!

கடற்படைக்கு விமானம் எதற்கு என்னும் கேள்விக்கு விடை இக்கணக்கிலேயே இருக்கிறது. விமானியாகத் தொடங்கி அக்கடற்படைக்கே தலைவரானவர் அட்மிரல் ராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி.

அவர் பிறந்தது 1930-இல். சுதந்திர இந்தியாவின் முதல் கடற்படை விமானத் தளமான 'கருடா' கொச்சியில் 1953-இல் அமைந்தது. 1957-இல், பிரிட்டன் கட்டி முடிக்காமல் விட்டிருந்த 'ஹெர்குலிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை இந்தியா வாங்கிற்று. அதுவே 1961 மார்ச் 4 அன்று, பெல்பாஸ்ட் நகரில் 'விக்ராந்த்' என்ற பெயரில் நம் கடற்படையில் சேர்ந்தது.

அதே ஆண்டு மே 18 அன்று, லெப்டினன்ட் தஹிலியானி அதன் மேல்தளத்தில் ஜெட் விமானத்தை இறக்கினார். அக்கப்பலில் இறங்கிய முதல் ஜெட் விமானம் அதுவே.

இது எத்தகைய அரிய செயல் என்று எண்ணிப் பாருங்கள். கப்பலின் முழு நீளமே சுமார் 213 மீட்டர். ஜெட் விமானம் தரையில் இறங்கவோ பல நூறு மீட்டர் ஓடுபாதை தேவை. ஆகவே தளத்தின் குறுக்கே எஃகு வடங்களைக் கட்டியிருப்பார்கள். விமானத்தின் வாலடியில் உள்ள கொக்கி அவற்றுள் ஒன்றைப் பற்றியதும் விமானம் சில விநாடிகளில் நின்றுவிடும். கொக்கி தவறினால்? மீண்டும் மேலெழ வேண்டும். அதற்காகவே, தளத்தைத் தொட்டவுடன் விமானி எஞ்சினின் வேகத்தைக் கூட்டுகிறார். ஓடுபாதையும் கப்பலின் போக்குக்குச் சற்றுச் சாய்வாக அமைந்துள்ளது.

இந்த ஜெட் விமானங்களுக்கு இந்தியக் கரையில் முதலில் இடந்தந்தது கோவையை அடுத்த சூலூர் என்பது குறிப்பிடத்தக்கது. 1964-இல் அத்தளம் கோவாவுக்கு மாறியது.

வளரும் நாட்டுக்கு இத்தனை செலவில் இக்கப்பல் தேவையா என்ற கேள்வி எழுந்ததுண்டு. 1965 போரின்போது விக்ராந்த் பழுதுபார்ப்பில் இருந்ததால் பங்குகொள்ளவில்லை. ஆனால் 1971 டிசம்பர் 4 அன்று அதிலிருந்து பறந்த விமானங்கள் வங்கக் கடலோரத்தில் காக்ஸ் பஜார், சிட்டகாங் ஆகிய இடங்களைத் தாக்கின. கேள்விக்கு அனுபவமே விடை கூறியது.

தஹிலியானி பின்னர் விக்ராந்த் கப்பலுக்கே தலைமை தாங்கினார். 1984 முதல் 1987 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாகப் பணியாற்றினார். கடற்படை விமானி ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. அவர் காலத்தில்தான், 1987-இல், இரண்டாவது விமானந்தாங்கிக் கப்பலான 'விராட்' வந்து சேர்ந்தது. ஓய்வுக்குப்பின் சிக்கிம் ஆளுநராக இருந்த அவர், 2015-இல் காலமானார்.

பழைய விக்ராந்த் 1997-இல் பணி ஓய்வு பெற்றது. அதே பெயரில் புதிய கப்பல் 2022-இல் கடற்படையில் சேர்ந்தது. அன்று அயல்நாட்டார் பாதியில் விட்ட கப்பலை வாங்கினோம்; இன்று கொச்சியில் நாமே கட்டியிருக்கிறோம். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நாம் கற்றவற்றுள், அந்த இளம் விமானி வடத்தைப் பற்றி நின்ற சில விநாடிகளும் அடங்கும்.