1:35 – மின்கலம் வகுத்த அளவுவிகிதம்

குறைந்த விலையில் துல்லியமான டாங்கி மாதிரி எது என்று போர் வரலாறு பயிலும் மாணவர்கள் கேட்பதுண்டு. இதற்கு விடை காண, விலைப்பட்டியலைவிட அம்மாதிரிகளின் வரலாறே கூடுதலாக உதவும்.

டாங்கி மாதிரிகளில் இன்று பெருவழக்காக உள்ள அளவுவிகிதம் 1:35. 1:72 எனில் ஆறடி ஓர் அங்குலமாகும். 1:48 எனில் நான்கடி ஓர் அங்குலமாகும். 35க்கு அத்தகைய எளிய கணக்கு எதுவுமில்லை. ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946இல் மரத் தொழில் நிறுவனமாகத் தொடங்கிய தாமியா, 1960இல் யாமாட்டோ போர்க்கப்பலின் வழியே பிளாஸ்டிக் மாதிரிகளுக்குள் நுழைந்தது. 1960களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட ஜெர்மானிய பேந்தர் டாங்கி, மோட்டாரால் ஓடக்கூடியது. மின்கலங்கள் உள்ளே அடங்கவேண்டும் என்பதே அதன் அளவை முடிவுசெய்தது. பிற நாட்டு டாங்கிகளையும் அதே அளவில் செய்ய எண்ணிய ஷுன்சாகு தாமியா, பேந்தரை அளந்து பார்த்தபோது கிடைத்த விடைதான் ஏறத்தாழ 1:35. பிற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. இடுகுறியாகப் பிறந்தது வழக்கால் மரபாயிற்று.

இவ்வரலாற்றின் தடயம் பழைய அச்சுகளில் இன்றும் உண்டு. மோட்டாருக்கும் விசைக்கும் விட்ட துளைகள் அடித்தட்டில் தெரியும். சங்கிலித் தடத்திற்கு மேலுள்ள பகுதியின் அடிப்புறம் திறந்தே கிடக்கும். அதே அச்சுகள் புதிய பெட்டிகளில் மலிவாக வருகின்றன. ஆகவே முதலில் அறியவேண்டியது பெட்டியின் ஆண்டு அன்று, அச்சு செதுக்கப்பட்ட ஆண்டு.

இரண்டாவது, அளவு. சோவியத் டி-34இன் அகலம் சுமார் 3 மீட்டர். 1:35இல் அது 8.6 செ.மீ.; 1:48இல் 6.25 செ.மீ.; 1:72இல் 4.2 செ.மீ. சிறிய அளவில் பிளாஸ்டிக்கும் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு. மெல்லிய தகடுகள் சற்றுத் தடித்துத் தோன்றலாமேயன்றி, வடிவமும் விகிதமும் பிழைபடவேண்டியதில்லை.

மூன்றாவதே கடினமானது: எதற்குத் துல்லியம்? டி-34 பல ஆலைகளில் உருவானது. ரப்பர் தட்டுப்பாட்டால் ஸ்டாலின்கிராடு ஆலை, வெளிவிளிம்பில் ரப்பரற்ற எஃகுச் சக்கரங்களைப் பொருத்தியது. 85 மி.மீ. பீரங்கி கொண்ட வகை 1944இல்தான் களம் கண்டது. எனவே அவ்வகை மாதிரி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், 1942இன் ஸ்டாலின்கிராடு போரைக் காட்டும் காட்சியில் அது காலவழு. வகுப்பறை மேசையில் வைக்கப்படும் மாதிரியை மாணவர்கள் சான்றாகவே ஏற்பர். புத்தகப் பிழையைவிட கையில் ஏந்திய பொருளின் பிழை ஆழமாகப் பதியும்.

ஆகவே ஆலையையும் ஆண்டையும் குறிப்பிடும் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். கையில் பணம் குறைவெனில், 1:35இன் பழைய அச்சைவிட 1:72 அல்லது 1:48இன் அண்மைக்கால அச்சு மேல். தனியே விற்கும் உலோகக் குழல்களும் செதுக்குத் தகடுகளும் சிலவேளை தொகுப்பின் விலையையே எட்டும், அவற்றைத் தவிர்க்கலாம். வாங்குமுன் அசல் வண்டியின் நிழற்படங்களோடு ஒப்பிடுங்கள். வாய்ப்புள்ளோர் அகில்யாநகர் (முன்னைய அகமதுநகர்) டாங்கி அருங்காட்சியகத்திற்குச் சென்றால் செஞ்சூரியன், விஜயந்தா போன்றவற்றை நேரிலேயே காணலாம்.