இஞ்சம்பாக்கத்து மணல்மேட்டில் ஓவியர் கிராமம்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடலை நோக்கி வருபவர், கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து வடக்கே திரும்பினால் சிறிது தொலைவில் இஞ்சம்பாக்கத்தைக் காண்பார். இன்று மாடி வீடுகளும் உணவு விடுதிகளும் அடர்ந்துவிட்ட அவ்வூர், 1960ஆம் ஆண்டுகளில் மணல்மேடும் சவுக்குத் தோப்புமாகக் கிடந்தது. மின்விளக்கோ நல்ல சாலையோ இல்லாத அந்நிலத்தில்தான் 1966இல் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியரும் சிற்பியரும் கூடி ஒரு குடியிருப்பை நிறுவினர். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்பது அதன் பெயர். கோரமண்டலம் என்று ஐரோப்பியர் நாவில் திரிந்த பழம்பெயரையே அவர்கள் மீட்டுச் சூட்டிக்கொண்டனர். நம் முன்னோர் மரக்கலம் செலுத்திய கரையின் பெயரும் இதுவே ஆதலின், அக்கிராமத்தின் வரலாற்றை நம் வாசகர் அறிந்துகொள்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

வரலாறு பெரியமேட்டில் தொடங்குகிறது. தோல் மண்டிகளின் பொருட்டு அப்பகுதிக்குச் சென்று பழகிய நம்மவர் பலரும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஓவியக் கல்லூரியின் சிவந்த கட்டடத்தைக் கண்டிருப்பர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய பள்ளி அது. இரண்டாண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. கைத்தொழிலை வளர்ப்பதே அதன் முதல் நோக்கம். ஆயினும் இலண்டன் பாடத்திட்டமே அங்கும் ஆட்சி செலுத்திற்று. கண்டதைக் கண்டவாறு அளந்து வரைவதும், கிரேக்கச் சிலைகளின் சுண்ண வார்ப்புகளைப் பார்த்துப் படியெடுப்பதும் கல்வியெனக் கொள்ளப்பட்டன. மாமல்லபுரத்துப் பாறைகள் ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்தும், பாடம் மட்டும் கடல்கடந்து வந்தது!

இந்தியர் ஒருவர் அப்பள்ளியின் தலைமையை ஏற்பதற்கு எண்பது ஆண்டுகள் ஆயின. வங்கத்துச் சிற்பி தேவிபிரசாத் ராய் சவுத்ரியே அவர். மெரினாக் கடற்கரையில் பாறையைப் புரட்டும் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. 1957இல் அவர் ஓய்வுபெற, அவருடைய மாணவராகிய கே.சி.எஸ். பணிக்கர் அப்பொறுப்புக்கு வந்தார். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், 1944இலேயே சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை ஏற்படுத்தியவர். 1954இல் ஐரோப்பா சென்று, அந்நாட்டுப் புதிய ஓவியங்களை நேரில் கண்டு திரும்பியவர். மேனாட்டாரைப் பின்பற்றினால் நாம் என்றும் அவர்களுக்குப் பின்னேதான் நிற்போம், நம் மண்ணின் கோட்டையும் குறியையும் தேடவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றியது.

பழைய கலைக்கழகங்களை எதிர்த்த இயக்கங்கள் பிற இடங்களிலும் தோன்றியுள்ளன. பாரிஸில் அரசுக் கண்காட்சியினர் விலக்கிய ஓவியங்களுக்கென 1863இல் தனிக் கண்காட்சி நடந்தது. 1874இல் மோனே முதலியோர் தாமே ஒரு கண்காட்சியை நடத்தினர். பம்பாயில் சூசா, ரஸா, ஹுசைன் ஆகியோர் அடங்கிய குழு 1947இல் பிறந்தது. அவ்விடங்களில் விலக்கப்பட்டோரே கிளர்ந்தனர். சென்னையிலோ கல்லூரியின் முதல்வரே மாணவரை வெளியே அழைத்துச் சென்றார். இது விந்தையே.

ஆனால் அவரை உந்தியது கொள்கை மட்டுமன்று, வயிறும்தான். ஓவியம் பயின்று வெளிவந்த இளைஞனுக்கு அன்று என்ன வழி இருந்தது? பள்ளியில் டிராயிங் மாஸ்டராகலாம். சினிமா விளம்பரத் தட்டி எழுதலாம். நற்பேறு இருந்தால் நெசவாளர் சேவை மையத்தில் துணிக்குப் பூ வரையலாம். ஐந்தாறு ஆண்டுகள் கற்ற கலை அத்துடன் உறங்கிவிடும். தன் மகன் சித்திரம் பயில விரும்பும்போது எந்தத் தந்தையும் அஞ்சுவது இதற்கேயன்றோ? இந்த அச்சத்துக்குப் பணிக்கர் கண்ட விடை கைத்தொழில். 1963இல் ஓவியர் கைவினைச் சங்கம் அமைந்தது. பகலில் ஓவியம் தீட்டியவர்கள் பிற நேரங்களில் மெழுகை உருக்கித் துணியில் கோடிட்டுச் சாயம் தோய்த்தனர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பின் வெந்நீரில் மெழுகை நீக்கினால் கோலம் துலங்கும். இதுவே பாத்திக்.

பாத்திக் என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வணிகம் செய்த சபுராளிகள் ஊர் திரும்புகையில் பெட்டியில் கொணர்ந்த கைலிகளில் அந்த ஜாவாக் கோலத்தைக் கண்டு வளர்ந்தோர் நம்மில் பலர். சோழமண்டலக் கரையின் துணிகள் ஒரு காலத்தில் கிழக்கே சென்றன. கிழக்கின் தொழில்நுட்பம் இங்கு வந்து ஓவியருக்குச் சோறிட்டது. பாத்திக் துணிகள் நன்கு விற்றன. அவ்வருவாயைக் கொண்டே இஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. கொடையாளர் ஒருவரின் பெயரைச் சுமக்காமல், தம் கையுழைப்பால் நிலம் வாங்கிய இச்செயலையே அவ்வியக்கத்தின் தலையாய சாதனையாக நாம் மதிக்கிறோம்.

நம் சமுதாயத்தினர் அறியவேண்டிய பெயர் ஒன்று அக்கிராமத்தில் உண்டு. மர்ஹூம் ஜே. சுல்தான் அலி 1920இல் பம்பாயில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் ராய் சவுத்ரியிடம் பயின்றவர். ரிஷிவேலிப் பள்ளியில் கற்பித்தார். பின் தில்லி லலித் கலா அகாதமியில் பணியாற்றினார். இறுதியில் சோழமண்டலத்தில் குடியேறி, 1990இல் மறைந்தார். நடு இந்தியப் பழங்குடியினரின் கலையே அவரைக் கவர்ந்தது. காளையும் பாம்பும் பழங்குடித் தெய்வ வடிவங்களும் அவர் திரைகளை நிறைத்தன. இவற்றை ஒரு முஸ்லிம் தீட்டலாமா என்று கேட்போர் உள்ளனர். உயிருருவம் வரைதல் பற்றி மார்க்க அறிஞரின் கண்டிப்பை நாம் அறியாதவர்களல்லர். அதனை இலேசாகக் கொள்ளவும் மாட்டோம். எனினும் ஒருவரைப் பற்றித் தீர்ப்பளிப்பது வேறு, அவரை வரலாற்றிலிருந்தே நீக்கிவிடுவது வேறு. நம்மவர் நூல்களில் அவர் பெயர் அருகியே வருவது குறையென்றே நமக்குப் படுகிறது.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசை, வேறொரு வகையில் நம் சிந்தனைக்குரியது. அவற்றில் மலையாள எழுத்தை ஒத்த வரிகளும், ஜாதகக் கட்டங்களும், கணக்குக் குறிகளும் நெருங்கி நிற்கும். படித்தால் பொருள் தராது. எழுத்தையே எழிலாக்கும் கலை நமக்கு வழிவழி வந்தது. பள்ளிவாசல் சுவர்களிலும், காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் பேணப்படும் அரபுத்தமிழ்க் கிதாபுகளிலும் அதன் சாயலைக் காணலாம். ஆயினும் இரண்டும் ஒன்றெனக் கூறி மகிழ்வது மெய்யாகாது. நம் எழுத்தணி பொருளைப் போற்றுவதற்காக வடிவை வளைக்கிறது. பணிக்கரோ பொருளைக் கழற்றிவிட்டு வடிவை மட்டும் நிறுத்துகிறார்.

கிராமம் துன்பத்தையும் கண்டது. பணிக்கரின் அரவணைப்பில் அங்கு வாழ்ந்த கே. ராமானுஜம், மைக்கோடுகளால் கனவு நகரங்களைப் படைத்த மேதை. தனிமையில் வாடிய அவர் 1973இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கூடி வாழ்தலும் எல்லாப் புண்ணையும் ஆற்றிவிடுவதில்லை.

குறையும் கூறவேண்டும். சோழமண்டலத்துக் கண்காட்சிகளுக்கு வெளிநாட்டாரும் ஆங்கிலம் பயின்றோரும் வந்த அளவுக்கு, பக்கத்து மீனவக் குப்பத்தாரோ தாம்பரத்து ரயில்வே ஊழியரோ வந்ததாகச் சொல்ல இயலாது. தமிழ் மண்ணைத் தேடிச் சென்றவர்கள் தமிழ் மக்களிடமிருந்து சற்று விலகியே அமர்ந்தனர். அக்கிராமத்தில் குடியேறாத கே.எம். ஆதிமூலம் போன்றோரே சிற்றிதழ்களிலும், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு இட்ட சித்திரங்களிலும் புதிய கோட்டைத் தமிழர் வீட்டுக்குள் கொண்டுவந்தனர். எல்லாரும் பெரியமேட்டை விட்டு நீங்கிவிடவும் இல்லை. சிற்பி எஸ். தனபால் கல்லூரியிலேயே நின்று தலைமுறைகளை உருவாக்கினார். பின்னர் அதன் முதல்வருமானார்.

பணிக்கர் 1977இல் காலமானார். அவர் மகன் சிற்பி நந்தகோபால் கிராமத்தைக் கட்டிக்காத்து, 2017இல் மறைந்தார். அவர் காலத்தில், 2009இல், அங்கு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை இயக்கத்தாரின் ஓவியங்களும் சிற்பங்களும் அதில் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. சுல்தான் அலியை அறிய விரும்புவோர் பிள்ளைகளுடன் அவ்வழியே மாமல்லபுரம் செல்லும்போது ஒரு மணி நேரம் அங்கு இறங்கலாம்.