இறால் குளங்களில் விடியலுக்கு முந்தைய நேரம் ஆபத்தானது ஏன்? நீரின் தரம் காக்கும் வழிமுறைகள்

இறால் பண்ணைகளில் பேரிழப்புகள் பெரும்பாலும் இரவில்தான் நேர்கின்றன. மாலையில் நன்றாகத் தீவனம் தின்ற இறால்கள் மறுநாள் விடியலில் கரையோரம் சோர்ந்து ஒதுங்குகின்றன. சில மணி நேரத்தில் மடியத் தொடங்குகின்றன. நோய்த் தாக்குதல் என்றே முதலில் ஐயம் எழும். ஆனால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்ததே பல நேரங்களில் காரணமாக அமைகிறது.

நாட்டில் பண்ணை இறால் உற்பத்தியில் ஆந்திரப் பிரதேசம் முதலிடம் வகிக்கிறது. பீமாவரம் முதல் நெல்லூர் வரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இத்தொழிலை நம்பியுள்ளன. 2009-ம் ஆண்டு வனாமி இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்த பின்னர், குளங்களில் இறால் அடர்த்தி வெகுவாக உயர்ந்தது. சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் என்ற உச்சவரம்பைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் விதித்தது. அடர்த்தி கூடும்போது, நீர் கெட்டால் அதைச் சரிசெய்யக் கிடைக்கும் கால அவகாசம் சுருங்கிவிடுகிறது.

இரவில் நடப்பது என்ன?

பகலில் குளத்து நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. சூரியன் மறைந்தபின் அவையும் ஆக்சிஜனை உட்கொள்ளத் தொடங்குகின்றன. இறால்கள், அடிச்சேற்றில் உள்ள பாக்டீரியாக்கள், பாசிகள் என அனைத்தும் ஒரே இருப்பிலிருந்து எடுப்பதால், அதிகாலை 3 மணி முதல் 6 மணி வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த நிலையை அடைகிறது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 3-க்குக் கீழே சென்றால் இறால்கள் தீவனம் எடுப்பதைக் குறைத்து, நோய்க்கு எளிதில் ஆளாகின்றன.

எனவே காலை 10 மணிக்கு எடுக்கப்படும் ஒற்றை அளவீட்டால் பயனில்லை. அந்நேரத்தில் ஏறக்குறைய எல்லாக் குளங்களும் நலமாகவே தோன்றும். அதிகாலை 5 மணிக்கு ஒருமுறையும், பிற்பகல் 3 மணி அளவில் ஒருமுறையும் அளந்தால்தான் குளத்தின் உண்மை நிலை புலப்படும். மின் செலவைக் கருதி ஏரேட்டர்களை நள்ளிரவுக்குப் பின் நிறுத்துவது, அவை மிகவும் தேவைப்படும் வேளையில் நிறுத்துவதாகும். மின்தடையை எதிர்கொள்ள ஜெனரேட்டர் இல்லாத பண்ணை, அடர்த்தியைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

தீவனமே மூல காரணம்

தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் இறாலின் உடலில் சேர்கிறது. எஞ்சியது கழிவாகவும் உண்ணப்படாத தீவனமாகவும் குளத்திலேயே தங்கி அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவின் நச்சுத்தன்மையைத் தீர்மானிப்பது பி.எச். அளவும் வெப்பநிலையும் ஆகும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீரில், பி.எச். 7 எனில் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 எனில் அது 7 சதவீதத்தைத் தாண்டும். 9 எனில் 40 சதவீதத்துக்கும் மேலாகும். பாசி அடர்ந்த குளங்களில் பிற்பகலில் பி.எச். உயர்வது கவலைக்குரியதாவது இதனால்தான்.

அடிச்சேற்றில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடோ இதற்கு நேர்மாறாக, பி.எச். குறையும்போது அதிக நச்சாகிறது. கருத்த சேறும் அழுகிய முட்டை நாற்றமும் அதன் அடையாளங்கள். ஆகவே பி.எச். அளவை 7.5 முதல் 8.5 வரை, ஒரே நாளில் 0.5-க்கு மேல் மாறாமல் வைத்திருப்பது முக்கியம். டோலமைட் போன்ற சுண்ணாம்புப் பொருள்கள் காரத்தன்மையை உயர்த்தி, பி.எச். ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. தீவனத் தட்டில் மிச்சம் இருந்தால் அடுத்த வேளை அளவைக் குறைப்பது, எந்த மருந்தையும்விட மலிவான பரிகாரம்.

உவர்ப்பு குறைந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்தும் உட்பகுதிக் குளங்களில் பொட்டாசியம், மெக்னீசியம் பற்றாக்குறை தனிச் சிக்கலாக உள்ளது. இவை போதாவிடில் ஓடு உரித்த இறால்கள் பெருமளவில் மடியக்கூடும்.

கனமழை பெய்தால் நன்னீர் மேற்படலமாகத் தங்கி, கீழ்ப்பகுதிக்கு ஆக்சிஜன் செல்வதைத் தடுக்கிறது. மேகமூட்டத்தால் ஒளிச்சேர்க்கையும் குறைகிறது. அந்நாள்களில் தீவனத்தைக் குறைத்து, ஏரேட்டர்களைத் தொடர்ந்து இயக்கி, மேற்பரப்பு நீரை வடித்துவிட வேண்டும்.

வெளியேறும் நீர்

ஒரு பண்ணையின் வடிகாலே மற்றொரு பண்ணையின் நீர்வரத்தாக இருப்பது கடலோர மாவட்டங்களில் வழக்கமான காட்சி. 1994-95 காலகட்டத்தில் வெள்ளைப்புள்ளி நோய் பரவிப் பண்ணைகளை முடக்கியதில் இதற்கும் பங்குண்டு. 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2005-ல் நிறைவேறிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் இத்தொழிலை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தன. குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளுக்குத் தடை உள்ளது. நீர் கெட்டு நோய் வந்தபின் இவற்றை நாடினால், ஏற்றுமதிச் சரக்கு இறக்குமதி நாட்டிலேயே நிராகரிக்கப்படும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

அறுவடையின்போது கடைசியாக வடியும் நீரில்தான் சேறும் கழிவும் மிகுந்திருக்கும். அந்த நீரைப் படிவுக் குளத்தில் தேக்கித் தெளியவிட்ட பின்னரே கால்வாயில் விட வேண்டும். நோய் தாக்கிய குளமாயின், குளோரின் இட்டுக் கிருமி நீக்கி, அதன் வீரியம் தணியும்வரை காத்திருந்து வெளியேற்ற வேண்டும்.