கதவு திறந்தால் யாருக்குத் தெரிய வேண்டும்? ஆனைகட்டி வீட்டுக்கு வைஃபை சென்சாரும் ஜிக்பீ சென்சாரும்

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் ஆனைகட்டி. எல்லைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கோவை மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இரண்டு பக்கமும் தோட்டத்து வீடுகள் உண்டு. சிலவற்றில் குடும்பம் குடியிருக்கிறது. சிலவற்றை நகரத்துக்காரர்கள் வாரக் கடைசியில் மட்டும் வந்து திறக்கிறார்கள். கதவு, ஜன்னலுக்கு சென்சார் வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். கடையில் அவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை: வைஃபை வழியாகப் பேசும் சென்சார், ஜிக்பீ என்ற, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லா முறை வழியாகப் பேசும் சென்சார். விளம்பரத்தைப் படித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கதவு திறந்ததும் போனுக்குச் செய்தி வரும் என்றுதான் இரண்டிலும் எழுதியிருக்கும். நகரத்து அடுக்குமாடியில் அந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம். கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகிற, ராத்திரியில் யானை நடமாடுகிற ஊரில் அப்படி நிறுத்த முடியாது.

இரண்டுக்கும் பொதுவானது

எந்த வகையை வாங்கினாலும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான். சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் நுனியோடு நுனி நெருங்கி நிற்கும். காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். இதுதான் ரீட் சுவிட்ச். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் கண்டுபிடித்தது. தொலைபேசி இணைப்பகங்களில் நீண்ட காலம் உழைத்தது. கதவுச் சட்டத்தில் இந்த சுவிட்ச் உள்ள பெட்டி, கதவில் காந்தம். இரண்டுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் கதவு திறந்துவிட்டதாக சென்சார் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே எந்த வகையானாலும் பொருத்தும் விதத்தில்தான் பாதி வெற்றி. நம் பழைய வீடுகளின் இரட்டைக் கதவை எடுத்துக்கொள்வோம். பெட்டியை நிலையிலும் காந்தத்தை ஒரு கதவிலும் வைத்தால், மற்றக் கதவைத் திறந்து நுழைகிறவனைப் பற்றி சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு கதவும் சேரும் இடத்தில், உட்புறம், மேல்பக்கமாக ஒன்றில் பெட்டியையும் மற்றதில் காந்தத்தையும் வைத்தால் எது திறந்தாலும் காந்தம் விலகும். வழக்கமாகத் தாழ்போட்டே இருக்கும் கதவில் பெட்டியை வையுங்கள். தினமும் அடித்துச் சாத்தும் கதவில் வைத்தால் பேட்டரி முனை தளர்ந்துவிடும். இரும்புக் கதவில் காந்தத்தை நேரடியாக ஒட்டினால் அதன் வீச்சு குறையும். நடுவில் மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ கொடுக்க வேண்டும். ஆனைகட்டிப் பக்கம் மழைமறைவு. ஆனால் அட்டப்பாடியின் மேற்கே போகப் போக மழை கூடும், மரக்கதவு ஊதிக்கொண்டு முழுக்கச் சாத்தாது. அங்கே கோடையில் விளிம்பளவில் பொருத்திய சென்சார் ஆடி மாதத்தில் சும்மா சும்மா கத்தும்.

ஜன்னலிலும் ஒரு சிக்கல். நம் ஜன்னலில் கம்பி உள்ளே இருக்கும், கதவு வெளிப்பக்கம் திறக்கும். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிற இரவில் சென்சாருக்கு வேலையே இல்லை. கம்பியை யாராவது வளைத்தாலும் அது வாய் திறக்காது. வீட்டைப் பூட்டிச் செல்கிறவருக்குத்தான் ஜன்னல் சென்சார் பயன்படும்.

செய்தி போகும் வழி

வைஃபை சென்சார் கதவு திறந்ததும் விழித்துக்கொண்டு ரவுட்டரோடு இணைந்து, தயாரித்த நிறுவனத்தின் கணினிக்கு இணையம் வழியாகச் செய்தி அனுப்பும். அங்கிருந்துதான் உங்கள் போனுக்கு வரும். ரவுட்டரோடு மறுபடி இணையவே ஓரிரு விநாடி பிடிக்கும். வீட்டில் சைரன் இருந்தால் அதை அடிக்கச் சொல்லும் உத்தரவும் பெரும்பாலும் அந்தத் தொலைதூரக் கணினியிலிருந்துதான் வர வேண்டும். அடுத்த அறையில் இருக்கும் சைரனுக்கு ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிச் சேதி போகிறது.

ஜிக்பீ சென்சார் நேராக வீட்டுக்குள் இருக்கும் ஹப் என்ற நடுவண் பெட்டியோடு பேசும். கண்ணிமைக்கும் நேரத்தில் சேதி போய்ச் சேர்ந்துவிடும். ஹப்பே முடிவெடுத்து சைரனை அடிக்கும், விளக்கைப் போடும். இணையம் தேவைப்படுவது போனுக்குச் செய்தி அனுப்ப மட்டுமே. ஆனால் எல்லா ஹப்பும் இப்படி அல்ல. சில ஹப்புகள் ஜிக்பீயில் செய்தி வாங்கினாலும் நிறுவனத்தின் கணினியைக் கேட்டுத்தான் எதையும் செய்யும். கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டருக்கு வரும் இணையக் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். சைரன் அடித்தால் ஹப் சொந்த மூளையில் ஓடுகிறது என்று அர்த்தம். கணினிப் பழக்கம் உள்ளவர்கள் ஹோம் அசிஸ்டென்ட் என்ற கட்டற்ற மென்பொருளைச் சிறு கணினி ஒன்றில் நிறுவி, அதையே ஹப்பாக்கிக்கொள்வதும் உண்டு.

பேட்டரி

வைஃபை சிப் செய்தி அனுப்பும் நேரத்தில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஜிக்பீ சிப்புக்கு அதில் சிறு பங்கு போதும். வைஃபை சென்சாரில் பெரும்பாலும் இரண்டு ஏஏஏ செல் இருக்கும். ஜிக்பீயில் சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள, பொத்தான் போன்ற 2032 செல். கொள்ளளவில் பல மடங்கு பெரிய பேட்டரி இருந்தும் தினமும் பலமுறை திறக்கும் கதவில் வைஃபை சென்சார் சில மாதங்களில் ஓய்ந்துவிடும். ஜிக்பீ ஓராண்டு, இரண்டாண்டு தாங்கும்.

அதைவிட முக்கியம், பேட்டரி செத்தது நமக்குத் தெரிகிறதா என்பது. ஜிக்பீ சென்சார் அவ்வப்போது தானாகவே ஹப்புக்கு ஆஜர் கொடுக்கும். குரல் நின்றால் ஹப் காட்டிக்கொடுக்கும். வைஃபை சென்சாரோ பேட்டரியைச் சேமிக்க நீண்ட நேரம் தூங்கும்; செத்ததும் தூங்குவதும் ஆப்பில் ஒரே மாதிரி தெரியலாம். மாதத்துக்கு இருமுறை வரும் வீட்டுக்காரர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

சுவரும் தூரமும்

இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. தடித்த கருங்கல் சுவர் இரண்டுக்குமே எதிரி. ஜிக்பீயில் ஒரு வசதி: கரண்டில் ஓடும் ஜிக்பீ பிளக், பல்பு போன்றவை செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். முன்வாசல் சென்சார் வரவேற்பறைப் பிளக்குக்கும், அது ஹப்புக்கும் சேதி சொல்லும். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் இப்படிக் கடத்துவதில்லை. கரண்ட் போனால் கடத்தும் பிளக்குகளும் போய்விடும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஆகவே முக்கியமான கதவுகள் ஹப்பை நேரடியாக எட்டும்படி ஹப்பை வீட்டின் நடுவில் வைக்க வேண்டும். ரவுட்டரை ஒட்டி வைத்தால் வைஃபை அலை ஜிக்பீயை நசுக்கும். ஓரிரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும், இசட்-வேவ் என்ற வேறொரு கம்பியில்லா முறையில் பேசும் சென்சார்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்க வகை 908 மெகாஹெர்ட்ஸில் பேசும். இங்கே அது செல்போன் நிறுவனங்களின் அலைவரிசை. இந்தியாவுக்கான இசட்-வேவ் 865 மெகாஹெர்ட்ஸ். அன்பளிப்பாக வந்தாலும் அமெரிக்க வகையைப் பொருத்தாதீர்கள்.

கரண்ட் போன இரவு

காற்று மழையில் மரக்கிளை விழுந்தால் மின்கம்பியும் இணையக் கேபிளும் ஒன்றாக அறுபடுகிற ஊர் இது. அந்த இரவில் வைஃபை சென்சார் ஊமை: ரவுட்டர் இல்லை, இணையம் இல்லை, எனவே சைரனும் இல்லை. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைத்தாலும் வெளியே கேபிள் அறுந்திருந்தால் பயனில்லை.

ஜிக்பீ ஹப் பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடுவது. இன்வெர்ட்டரோடு இணைத்துவிட்டால், அல்லது சார்ஜ் ஏறிக்கொண்டே மின்சாரம் தரும் பவர் பேங்க் ஒன்றை வைத்தால், கரண்ட் இல்லாமலும் ஓடும். பேட்டரி உள்ள சைரனும் சேர்ந்தால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கட்டாயம் கேட்கும். வெளியூரில் இருக்கிறவருக்கு மட்டும் செய்தி போகாது. அதற்கு சிம் கார்டு போடும் ரவுட்டர் ஒன்றைத் துணைக்கு வைக்க வேண்டும். சென்சார் எந்த வகையானாலும் இந்தச் செலவு உண்டு.

செலவு

இந்த இடத்தில் வைஃபைக்குத்தான் வெற்றி. தனியாக ஹப் வாங்க வேண்டாம், ஆப்பை இறக்கிப் பத்து நிமிடத்தில் பொருத்திவிடலாம், பழுதானால் தோட்டக்காரரே மாற்றிவிடுவார். ஒரு கதவு மட்டும் என்றால் ஜிக்பீ வீண் செலவு. ஐந்தாறு கதவு ஜன்னல் என்று போகும்போது ஹப்பின் விலை பங்கிடப்பட்டு, பேட்டரி மாற்றும் வேலையும் குறைந்து, கணக்கு மாறிவிடும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத்தரம் பல நிறுவனப் பொருள்களை ஒரே இடத்தில் சேர்க்க உதவுகிறது; மேட்டரோடு இணையும் ஜிக்பீ ஹப்பாகப் பார்த்து வாங்கினால் பின்னால் கை கட்டப்படாது.

யானை வந்தால்

இந்த ஒரு கேள்வியில் இரண்டுமே தோற்கும். திருடன் கதவைத் திறப்பான்; யானை சுவரை இடிக்கும், ஜன்னலைப் பிடுங்கித் துதிக்கையை உள்ளே விடும். சுவர் சரிந்தும் கதவு நிலையோடு நின்றால் சென்சார் ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்லும். அதிர்வு சென்சார் கொஞ்சம் உதவும், அதுவும் யானை கை வைத்த பிறகுதான். இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் ‘அரிக்கொம்பன்’ என்று பெயர் வாங்கிய யானையை 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்து பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பம் நகருக்குள் வந்ததும், ஜூனில் மறுபடி பிடிக்கப்பட்டு களக்காடு முண்டந்துறைக்குப் போனதும் ஊரறிந்த கதை. அத்தனை உடைப்புக்கும் காரணம் உள்ளே இருந்த அரிசி.

யானை விஷயத்தில் உயிர் காப்பது, அது கதவுக்கு வருமுன் கிடைக்கும் தகவல். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் குழு செய்தது அதைத்தான்: யானை நிற்கும் இடத்தை அக்கம்பக்கத்தாருக்குக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்க் கேபிள் டிவியில் ஓடும் வரியாகவும் சொன்னார்கள், செல்போனிலிருந்தே ஏற்றக்கூடிய சிவப்பு விளக்குகளை உயரமான இடங்களில் வைத்தார்கள். அங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் யானை இருப்பது தெரியாமலே எதிரில் போய் மாட்டியவர்கள். இந்தப் பணிக்காக அந்தக் குழுவின் ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. மதுக்கரை ரயில் பாதையில் 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் கேமராக்கள் வைத்ததும் யானை தண்டவாளத்தை நெருங்கும் முன்பே சேதி வர வேண்டும் என்பதற்காகத்தான். அட்டப்பாடியில் ஊரு என்றும் ஆனைகட்டியில் பதி என்றும் சொல்லப்படும் பழங்குடிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு ஹப்பும் ஆப்பும் தேவையில்லை. சாதாரண போனுக்கு வரும் இத்தகைய குறுஞ்செய்திதான் தேவை.

தீர்ப்பு

கதவு திறந்தால் யாருக்கு முதலில் தெரிய வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தூங்குகிறவர்களுக்கு என்றால் ஜிக்பீ, சொந்த மூளையுள்ள ஹப், பேட்டரி சைரன், வேறு பேச்சில்லை. பூட்டிய வீடு, ஒரே வாசல், செய்தி கோவைக்கு வந்தால் போதும் என்றால் வைஃபை போதும். மிச்சமாகும் பணத்தை சிம் ரவுட்டருக்கும் மினி யுபிஎஸ்ஸுக்கும் கொடுங்கள். பொருத்தி முடித்த அன்றே மெயின் சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து பாருங்கள். ராத்திரி சைரன் அடித்தால் யாரும் சட்டென்று வெளியே ஓடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். வெளியே நிற்பது யானையாகவும் இருக்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் கோவை வனக்கோட்டம், அந்தப் பக்கம் மண்ணார்க்காடு வனக்கோட்டம். இரண்டு எண்ணும் போனில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பூட்டிப் போகும் வீட்டில் அரிசியையும் உப்பையும் வெல்லத்தையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.